எங்கள் கடை வாசலில் இருந்த மூன்று படிகள்

வேலூர் மெயின் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்களுக்குத் தையல் சாமான் கடை. நூல்கண்டு, பட்டன், ஜிப், லைனிங் துணி, ஃபால்ஸ், லேஸ் எல்லாம் விற்கிறோம். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அந்தக் கடையை வாடகைக்கு எடுத்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டாவது படியில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். இப்போது அந்தப் படிகள் இல்லை. தெருவிலிருந்து அரை அடி கீழே இறங்கிக் கடைக்குள் வர வேண்டும்.

ஒவ்வொரு தடவை சாலை போட்டபோதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். முதல் படி புதைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது புதைந்தபோது நைனா மட்டும் முணுமுணுத்தார். மூன்றாவது புதைந்தது 2021இல். அந்த வருஷம்தான் பஜார், தெரு, வார்டு, வரி என்பதையெல்லாம் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குக் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மற்ற ஊர்களில் பஜாரில் கடை வைத்திருப்பவர்கள் அந்த விலையைக் கொடுக்காமல் தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பர் முதல் வாரம். கொரோனா ஊரடங்கு முடிந்து கடை திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தையல்காரர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம்தான் ஆண்டின் வருமானம், அதனால் எங்களுக்கும் அதுதான். ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கினால் தெருவின் நடுவில் ஜேசிபி நிற்கிறது. பாதாள சாக்கடைக் குழாய் பதிக்கப் பள்ளம் எடுக்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். "பத்து நாளுதான்க்கா" என்றார் மேஸ்திரி. பத்து நாள் பதினோரு வாரமானது. நாளைக்கு ஏழாயிரத்துக்கு ஓடிய வியாபாரம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. மண்மேட்டின் மீது பலகை போட்டு ஆட்களை ஏற்றி இறக்கினோம். ஊசூரிலிருந்து முப்பது வருஷமாக வரும் ஒரு டெய்லர் அண்ணன் அந்தப் பலகையில் கால் சறுக்கி விழுந்தார். பிறகு அவர் காட்பாடி பக்கம் ஒரு கடையில் வாங்கப் பழகிவிட்டார். இன்றுவரை திரும்பவில்லை.

அப்புறம் நவம்பர் மழை. பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளத்தை என் வயதுக்காரர்கள் பார்த்ததில்லை. கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே மழையில் எங்கள் கடையிலும் முழங்காலுக்குத் தண்ணீர். லைனிங் துணி பேல்கள் கீழ்த்தட்டில் இருந்தன. சாயம் இறங்கி, சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துபோயின.

வேலூரின் பழைய நகரப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாலாறு, நடுவில் கோட்டையும் அகழியும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் நிக்கல்சன் கால்வாய் வழியாகப் பாலாற்றுக்குப் போயாக வேண்டும். அந்தக் கால்வாயில் எங்கே குப்பை அடைத்தாலும் எங்கே இடம் சுருங்கினாலும், தண்ணீர் தன் பழைய சரிவைத் தேடி லாங்கு பஜார், மெயின் பஜார் பக்கம் சந்து சந்தாக நுழையும். நைனா காலத்து ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்று படி.

யாரிடம் போய்ச் சொல்வது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வேலூர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது 2016 செப்டம்பரில். மதுரை, சேலம், தஞ்சாவூரும் அதே பட்டியலில்தான் வந்தன. அடுத்த மாதமே, அக்டோபரில், தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. இடையில் ஐந்து வருஷம் நாலு மாதம் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. ஊரின் முகத்தையே மாற்றும் அளவுக்குப் பணம் வந்து, எந்தத் தெருவில் என்ன வேலை என்று முடிவான காலம் முழுக்க, தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் இல்லாத காலம். அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அறுபது வார்டுகளின் சந்துகளை ஒரு தனி அதிகாரி மனப்பாடமாக வைத்திருக்க முடியாது. எங்கள் சந்து எந்தப் பக்கம் சரிகிறது என்பது வரைபடத்தில் இல்லை, எங்கள் காலில் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

சரி, நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு மனு. நாற்பது கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதினோம். அதில் எல்லாம் இருந்தது: பள்ளம், தூசி, வியாபார நஷ்டம், தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குடிநீர், போக்குவரத்து நெரிசல். சத்துவாச்சாரியில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் போய் வரிசையில் நின்று கொடுத்தோம். ஏழு விஷயம் இருந்ததால் மனு ஏழு மேசைக்குப் போனது. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கடிதம் வந்தபோது எங்கள் தெருவில் கான்கிரீட் காய்ந்து ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும்தான் எழுதுகிறோம். அளவோடு எழுதுகிறோம். "தெரு உயரமாகிவிட்டது" என்று எழுதினால் அது புலம்பல். "இன்ன கதவு எண் கட்டடத்தின் வாசல் கல்லைவிடச் சாலை ஆறரை அங்குலம் உயர்ந்திருக்கிறது, படம் இணைத்துள்ளோம்" என்று எழுதினால் ஒரு இன்ஜினியர் வந்து டேப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது தவறு, பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியிருந்தது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. வேலை நடக்கும்போது இதைத் தெருவில் நின்று சொல்லியிருந்தால் பேச்சாவது நடந்திருக்கும். கான்கிரீட் போட்ட பிறகு ஓர் அலுவலரிடம் எடுத்துக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அதில் உண்மை இருந்தது.

தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எஸ்டிமேட் நகல் கேட்டேன். முப்பது நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு. சந்து வேலைகளுக்கு முப்பது நாள் என்பது முழு ஆயுள். அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடந்ததைத் தெரிந்துகொள்ள அதைப்போல வேறு வழி இல்லை. நடக்கப்போவதைத் திருத்த வேண்டுமானால் நேரில்தான் போக வேண்டும். நாலைந்து பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள், இன்ஜினியர் சைட்டுக்குக் கிளம்பும் முன்பு காலையில் போய், "எங்க தெரு எஸ்டிமேட்டைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுகிறார்கள். அதில் பார்க்க வேண்டியவை: சாலையின் முடிவு உயரம் என்ன, வடிகாலின் அகலம் என்ன, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே சேர்கிறது, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும். எங்கள் தெரு வடிகால் மேடான பக்கத்தை நோக்கிச் சரிவதாகப் போட்டிருந்தது. நைனாவாக இருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்.

2022 ஜூனில் இதே மெயின் பஜார் பகுதியில், காளிகாம்பாள் கோயில் தெருவில், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து இரவில் சிமென்ட் சாலை போட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அந்தத் தெருவில் மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியவர்களின் முகம் எனக்குத் தெரிந்த முகம்.

இனி நான் வெட்கப்படும் ஒரு விஷயம்.

சாலை முடிந்த பிறகு வியாபாரிகள் கூட்டம் போட்டோம். தெரு புதிதாக இருக்கிறது, இனி தரைக்கடைகளும் தள்ளுவண்டிகளும் வேண்டாம், எடுக்கச் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். நானும் கையெழுத்துப் போட்டேன். எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் தெரு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கடையும் அப்படியே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு நாள் கணியம்பாடியிலிருந்து வரும் பிளவுஸ் தைக்கும் பெண் கேட்டார்: "யக்கா, பூக்கார அம்மாவக் காணோம், கீரை இல்ல, வெத்தல இல்ல. உன் நூலுக்காக மட்டும் நான் பஸ் ஏறி வரணுமா?"

அப்போதுதான் கணக்கு விளங்கியது. அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஊசூர் பக்கத்துப் பெண்கள் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரே நடையில் ஐந்தாறு வேலையை முடிப்பார்கள். பூ வாங்க நின்ற இடத்தில் மேட்சிங் நூல் நினைவுக்கு வரும். அந்தக் கோர்வையில் ஒரு மணியை உருவினால் மற்றவையும் உதிரும்.

2014ஆம் வருஷத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை, அங்கே ஏற்கெனவே வியாபாரம் செய்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெருவோர வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வியாபாரிகள் சங்கங்களுக்கும் அதே குழுவில் இடம் உண்டு. நாங்களும் அவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்க, நாங்கள் அவர்களைத் துரத்த மனு எழுதியிருக்கிறோம். பூக்கார அம்மா வீட்டுக்குக் கொசப்பேட்டை வரை போய், "தப்புப் பண்ணிட்டோம்மா, வாங்க" என்று கூப்பிட்டேன். உடனே வரவில்லை. இரண்டாவது தடவை போனபோது வந்தார். இப்போது வடிகால் மூடியிலிருந்து இரண்டடி, அதற்கு மேல் வரக் கூடாது என்று நாங்களே கோடு போட்டிருக்கிறோம். தீயணைப்பு வண்டி நுழைய இடம் இருக்கிறது. குட்டியானை எனும் சின்னச் சரக்கு வண்டிகள் காலை ஒன்பதரைக்குள் சரக்கு இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். அதற்கு யாருடைய உத்தரவும் இல்லை, எங்களுக்குள் பேச்சுதான். பத்தில் எட்டு நாள் நடக்கிறது.

கழிப்பறையைப் பற்றி ஆண்கள் எழுதும் எந்தத் திட்டத்திலும் போதுமான இடம் இருப்பதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை கடையில் நிற்கும் பெண்கள் இந்தப் பஜாரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பாதிப் பேர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. எனக்கு இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்திருக்கிறேன். கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைக் கடந்துதான் தினமும் போனேன். தண்ணீர் இணைப்பு இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். கட்டுவதற்கு ஒரு தலைப்பில் பணம் வருகிறது, பராமரிப்பதற்கு வேறு தலைப்பு, அதில் பணம் இல்லை. புதிய கட்டடம் ஒன்று திறக்கும்போது "இதை யார் கழுவுவார்கள், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்" என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

கடைசியில் எங்கள் வழியை நாங்களே பார்த்துக்கொண்டோம். நாலு கடை தள்ளி ஜவுளி வைத்திருக்கும் பாய், கடைக்குப் பின்புறம் இருந்த பழைய கழிப்பறையைச் சரிசெய்து, "பொம்பளைங்க யார் வந்தாலும் சாவி குடும்மா, கேள்வி கேக்காதே" என்று என்னிடமே சாவியைக் கொடுத்தார். சுத்தம் செய்யும் அம்மாவுக்குக் கடைக்கு மாதம் நூறு ரூபாய். முப்பது கடையில் தொடங்கி இப்போது இருபத்திரண்டு கடை தொடர்ந்து தருகிறது. ஒடுகத்தூர் பெண்கள் முன்பு பதினொரு மணிக்கே ஓடுவார்கள். இப்போது மத்தியானம் வரை இருந்து வாங்குகிறார்கள்.

தேர்தல் முடிந்து கவுன்சிலர்கள் வந்தார்கள். 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கு. எனக்குப் பெரிய நம்பிக்கை. கிளம்பிப் போன பிறகுதான் ஒன்று உறைத்தது: என் ஓட்டு அந்த வார்டில் இல்லை. வீடு சத்துவாச்சாரி. எங்கள் சந்தில் கடை வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை. வரி கட்டுவது பஜாரில், 2022 ஏப்ரலில் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்துவரியை நூறு சதவீதம் உயர்த்தியபோது அந்தச் சுமையும் வாடகை வழியாக எங்கள் தலையில், ஆனால் ஓட்டுப் பெட்டி வேறு இடத்தில். பகுதி சபை என்பது அந்தப் பகுதி வாக்காளர்களின் சபை. பழைய நகரத்தில் வீடுகள் குடோனாகவும் லாட்ஜாகவும் மாறிக்கொண்டே வருவதால் வாக்காளர்கள் குறைகிறார்கள். எந்தக் கவுன்சிலருக்கும் தூக்கம் கெடும் அளவுக்குப் பஜாரில் ஓட்டு இல்லை.

லாட்ஜ் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் வரையிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்கள் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகின்றன. தெருவுக்குத் தெரு வங்காளப் பலகைகள். அவர்கள் நம் விருந்தாளிகள், ஊருக்குச் சோறு போடுபவர்களும் அவர்கள்தான். ஆனால் அவர்கள் குடிக்கும் தண்ணீர், போடும் குப்பை, ஏறும் ஆட்டோ எதுவும் மக்கள்தொகைக் கணக்கில் வராது. அரசு மானியங்கள் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துத்தான் பங்கிடப்படுகின்றன, அதுவும் 2011 கணக்கெடுப்பை வைத்து. வேலூர் அளவுள்ள ஓர் ஊரின் கழுத்தைப் பிடிப்பது இந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன். சென்னைக்கு இருக்கும் வருமானமும் இல்லை, கிராமத்துக்கு இருக்கும் சின்ன உருவமும் இல்லை.

பகுதி சபைக்கு வருகிறேன். அடுத்த தடவை நான் பேசப் போகவில்லை. எங்கள் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்து சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும் ஒரு பெண் இருக்கிறார். இருபது வருஷமாக அதே வார்டில் ஓட்டு. "நீ பேசு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு போனேன். அவருக்குக் கை நடுங்கியது. மழையில் மாடிப்படியின் மூன்றாவது படி வரை சாக்கடைத் தண்ணீர் ஏறியதையும் மாமியாரைத் தோளில் தூக்கி இறங்கியதையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். எங்கள் ஏழு விஷய மனு செய்யாததை அந்த இரண்டு நிமிஷம் செய்தது. பேசினால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். வாசித்தார்கள். "மழைநீர்ப் பிரச்சினை" என்று மட்டும் இருந்தது. தெருவின் பெயரையும் வடிகாலின் சரிவையும் சேர்க்க வைத்தோம்.

எங்கள் சந்தின் கான்கிரீட்டை யாரும் இனி உடைக்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். கடை வாசலில் செங்கல் வைத்து ஒரு அணை கட்டியிருக்கிறேன், மழைக்காலத்தில் அதன் மேல் பலகை செருகுகிறோம், துணி பேல்கள் மேல்தட்டில். அதனால் நாங்கள் எங்கள் கவனத்தைப் பின்புறச் சந்துக்குத் திருப்பினோம். அங்கேயும் அதே வேலை வர இருந்தது. தையல்காரர்களுக்குப் பொங்கலுக்குப் பிறகு, பள்ளிச் சீருடை சீசனுக்கு முன்பு, பிப்ரவரியும் மார்ச்சும் கொஞ்சம் மந்தம். அந்த நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டோம். மண்டிக்காரர்கள் தங்கள் சீசனைச் சொன்னார்கள், கவுன்சிலர் எழுதிக் கொடுத்தார், ஒப்பந்ததாரரும் ஒத்துக்கொண்டார். கேட்டால் கிடைக்கும் என்பதே அதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரே நேரத்தில் தெரு முழுவதையும் தோண்டாமல் இருபது இருபது கடையாகத் தோண்டி மூடினார்கள். ஏழு வாரத்தில் குழாய் வேலை முடிந்தது. ஒரு கடையும் மூடவில்லை.

மேலே சாலை போடுவதுதான் பாக்கி. போன வாரம் இன்ஜினியர் எஸ்டிமேட்டைக் காட்டினார். பழையதைச் சுரண்டும் வேலை அதில் இருக்கிறது, சரிவும் இந்தத் தடவை சரியான பக்கம்தான். ஒவ்வொரு வாசல் கல்லிலிருந்தும் சாலை எவ்வளவு தாழ்வாக வர வேண்டும் என்று சுவரில் சிவப்புப் பெயின்டில் குறி போட்டுக்கொண்டிருக்கிறோம். முப்பத்தெட்டு கடையில் முப்பத்தொன்று முடிந்தது. டேப் என் கடையுடையது, துணி அளக்கும் டேப். மறுமுனையைப் பிடித்துக்கொள்வது பூக்கார அம்மா.